விட்டிலின் வானம்

ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும், கோச்சடையில் எங்கள் தெரு ஈசல் வசமாகிவிடும். மேலக்கால் சாலைப் பக்கம் இன்னும் மனையாகாமல் மிச்சமிருக்கும் காலி நிலத்துப் புற்றுகளிலிருந்து கிளம்பும் கூட்டம், முதலில் தெருவிளக்கைச் சுற்றும். அப்புறம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் புகுந்து டியூப்லைட்டை மொய்க்கும். பல்லிகளுக்கு அன்றைக்குக் கல்யாண விருந்து.

"லைட்ட அமத்துங்கடா, ஈசலு பூராம் சோத்துல விழுகுது" என்று அந்தக் காலத்தில் அப்பத்தா சத்தம் போடும். வீட்டு விளக்கையெல்லாம் அமத்திவிட்டு, வாசலில் ஓர் அகன்ற சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதை ஒட்டித் தரையிலேயே அரிக்கேன் விளக்கை ஏற்றி வைக்கும். கொஞ்ச நேரத்தில் சட்டி நிறைய ஈசல் மிதக்கும். இறகை உதிர்த்துக் காயவைத்து, அரிசியோடு சேர்த்து வறுத்தால் நல்ல தீனி. எனக்கு அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்று சொன்னால் அக்கா மகன் முகத்தைச் சுளிக்கிறான்.

போன ஐப்பசியில் அவன் செல்போனை எடுத்து, கூடத்து விளக்கைச் சுற்றிய ஈசல்களை ஸ்லோமோஷனில் படம் பிடித்தான். நொடிக்கு 240 படங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஈசலை விட்டுவிட்டு வேறொன்றைக் காட்டினான்.

"மாமா, டியூப்லைட்டப் பாருங்க. துடிக்குது."

துடிக்கத்தான் செய்தது. மங்குவதும் பிரகாசிப்பதுமாக, மூச்சு வாங்குகிற மாதிரி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் திசை மாறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுழியைத் தொடுகிறது. பழைய சோக் வைத்த டியூப்லைட் அந்தத் தாளத்துக்கு அப்படியே ஆடும்: நொடிக்கு 100 துடிப்பு. சுமார் 50, 60 துடிப்பைத் தாண்டினால் நம் கண் அவற்றை ஒட்டித் தைத்து, தொடர்ந்து எரியும் விளக்காக நமக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் அந்த வெளிச்சத்தில் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். பகலில் வேகமாகப் பறக்கும் ஈக்கும் தேனீக்கும் அந்தச் சலுகை கிடையாது. அவற்றின் கூட்டுக்கண்கள் நொடிக்கு 200 துடிப்பைக்கூடத் தனித்தனியாகப் பிரித்தறியக்கூடியவை. நமக்கு டியூப்லைட் எரியும் அறையில், ஓர் ஈ ஓயாமல் கண்சிமிட்டும் உலகத்துக்குள் பறக்கிறது.

"அப்ப லேபுல பூச்சியப் படம் எடுக்குறவங்க எடுக்குறது பூச்சி பறக்குறதையா, லைட்டு பண்ற சேட்டையையா?" என்று கேட்டான்.

பூச்சியியலில் ஒன்றரை நூற்றாண்டாக நடக்கும் சண்டையைப் பையன் ஒரே வரியில் கேட்டுவிட்டான்.

பூச்சியின் பறப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. பழ ஈ நொடிக்குச் சுமார் 200 முறை சிறகடிக்கும். நமக்குத் தெரிவது ஒரு புகைமூட்டம். 1860-களின் இறுதியில் பிரான்ஸின் எத்தியென் ஜூல் மாரே ஒரு குளவியின் சிறகு நுனியில் துளியளவு தங்க இலையை ஒட்டி, இருட்டுப் பின்னணியில் சூரிய ஒளி அதன்மேல் விழும்படி பிடித்தார். சிறகு நுனி காற்றில் எட்டு என்ற எண்ணை எழுதுவது பளிச்சென்று தெரிந்தது. அவருடைய உதவியாளர் லூசியன் புல், 1904-ல், மின்பொறியையே விளக்காக வைத்துக்கொண்டார். பொறி ஒன்றுக்குப் படம் ஒன்று. நொடிக்கு 2000 வரை. ஒவ்வொரு பொறியும் நொடியின் மிகச் சிறிய துணுக்கு நேரமே எரியும். அந்த நேரத்துக்குள் சிறகு நகர நேரமில்லை. படம் தெளிவாக விழுந்தது.

அன்று தொடங்கிய பேராசை இன்றுவரை அடங்கவில்லை. 2017-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒரு ஆய்வு, கொசு எப்படிப் பறக்கிறது என்பதை எட்டு கேமராக்களால், நொடிக்கு 10,000 படங்கள் வீதம் எடுத்துக் காட்டியது. கொசு எங்கோ வெளிநாட்டுக் காட்டுக் கொசு என்று நினைக்க வேண்டாம். க்யூலெக்ஸ் குயின்க்வெஃபேசியேட்டஸ்: நம் சாக்கடையில் பிறந்து, நம் காதோரம் ரீங்கரித்து, ஒரு காலத்தில் ஊர் ஊராக யானைக்கால் நோயைப் பரப்பிய அதே கொசு. நொடிக்கு 800 முறைக்கு மேல் சிறகடிக்கிறது. ஆனால் சிறகு வீசும் கோணம் வெறும் 40 பாகை. தேனீ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வீசும். இவ்வளவு சின்ன வீச்சில் எப்படி மிதக்கிறது என்பது கேமரா இல்லாமல் யாருக்கும் பிடிபட்டிருக்காது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 10,000 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் பத்தாயிரத்தில் ஒரு நொடி. கல்யாண வீடியோவுக்குப் போதுமான ஐம்பதில் ஒரு நொடியோடு ஒப்பிட்டால் இருநூற்றில் ஒரு பங்கு. அதே தெளிவு வேண்டுமானால் இருநூறு மடங்கு வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும். முன்பு ஹாலஜன் விளக்குகளை வைத்துத்தான் கொட்டினார்கள். கல்யாண மேடையில் அந்த வீடியோ லைட்டுக்கு முன்னால் நின்று வியர்த்த மாப்பிள்ளைகளைக் கேட்டால் அதன் சூடு தெரியும். மாப்பிள்ளைக்கு உடம்பைக் குளிரவைக்க வியர்வை இருக்கிறது. மில்லிகிராம் எடையுள்ள பூச்சிக்கு என்ன இருக்கிறது? வெளிச்சூடு ஏற ஏற அதன் உடல் சூடும் ஏறும். சூடு ஏறினால் தசையின் வேகம் மாறும். சிறகடிப்பை அளக்கப் போட்ட விளக்கே சிறகடிப்பை மாற்றிவிடலாம். சூடு போகட்டும் என்றாலும் அந்தப் பளீர் வெளிச்சமே போதும், இரவில் பறக்கும் பூச்சி ஒன்றைக் குருடாக்கி மூலையில் உட்கார வைக்க.

தப்பிக்க ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்து வைத்திருப்பது பூச்சியின் கண்ணேதான்.

பெரும்பாலான பூச்சிகளின் கண்ணில் மூன்று வகை ஒளி உணரிகள்: ஒன்று புற ஊதாவுக்கு, ஒன்று நீலத்துக்கு, ஒன்று பச்சைக்கு. நாம் பார்க்காத புற ஊதாவை அவை பார்க்கின்றன. நாம் பார்க்கும் சிவப்பு அவற்றில் பலவற்றுக்கு இருட்டு. தேனீக்கு நிறம் தெரியும், ஆனால் சிவப்பை அது கறுப்போடு குழப்பிக்கொள்ளும் என்று காட்டிய கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷின் சோதனைகள் முதல் உலகப்போர்க் காலத்தவை. சிவப்பையும் தாண்டிய அகச்சிவப்பு பூச்சிக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் கேமராவின் சிலிக்கான் தகட்டுக்குத் தெரியும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டி.வி. ரிமோட்டின் மூக்கைச் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் பெரும்பாலான போன்களில் வெளிறிய ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மின்னும். அந்தப் பொட்டுதான் இன்றைய பூச்சி ஆய்வகங்களின் சூரியன். 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குகளை வரிசையாகக் கட்டி, கேமராவுக்குப் பட்டப்பகலையும் பூச்சிக்கு அமாவாசையையும் ஒரே அறையில் வைக்கிறார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் இன்னொரு சிக்கல். அமாவாசையில் தேனீ பறக்காது. தட்டான் பறக்காது. பகல் பூச்சிக்குப் பறக்க வேண்டுமானால் பார்க்க ஏதாவது வேண்டும். கண்முன்னே காட்சி நகர்வதை வைத்துத்தான் அது தன் வேகத்தையும் திசையையும் அறிகிறது. ஆகவே நல்ல ஆய்வகத்தில் இரண்டு வெளிச்சம் இருக்கும். கேமராவுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று. பூச்சிக்கான வெளிச்சம் எத்தனை, எந்த நிறம், எந்தப் பக்கமிருந்து, துடிக்கிறதா துடிக்காமல் எரிகிறதா என்பதையெல்லாம் ஆய்வாளர் எழுதிவைக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு பூச்சிக் கட்டுரையின் தரத்தை அறிய முடிவுரையைப் படிக்க வேண்டாம். எப்படி விளக்குப் போட்டார்கள் என்று எழுதிய பத்தியைப் படித்தால் போதும்.

எந்தப் பக்கமிருந்து என்று சொன்னேன் அல்லவா? அதில்தான் அப்பத்தாவின் சட்டி இருக்கிறது.

விளக்கில் விழும் விட்டிலைப் பற்றி நாம் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆசைக்கு உவமை, மோகத்துக்கு உவமை, அழிவு தெரியாத அறியாமைக்கு உவமை. அறிவியல்காரர்கள் மோகம் என்று சொல்லவில்லையே தவிர, அவர்களிடமும் ஊகங்கள்தான் இருந்தன. நிலவை வைத்து வழி அறியும் பூச்சி, விளக்கை நிலவென்று மயங்குகிறது என்றார்கள். இருட்டிலிருந்து தப்ப வெளிச்சத்தை நோக்கி ஓடுகிறது என்றார்கள். 1970-களில் அமெரிக்கர் ஃபிலிப் கலஹன், மெழுகுவத்திச் சுடரின் அகச்சிவப்பை ஆண் அந்துப்பூச்சி, பெண்ணின் மணமென்று ஏமாறுகிறது என்று சொன்னார். மோகக் கதை வேறு வேடத்தில் திரும்பி வந்தது! ஆனால் பூச்சியை அதிகம் இழுப்பது புற ஊதா விளக்கு, அகச்சிவப்பு அல்ல. அந்தக் கதை அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் இத்தனை காலம் ஊகம்? இருட்டில், சின்ன உடம்பை, வேகமாகத் திரும்பும்போது, விளக்குக்கு மிக அருகே படம் பிடிக்க யாராலும் முடியவில்லை. படம் பிடிக்க வெளிச்சம் போட்டால் அந்த வெளிச்சத்துக்கே பூச்சி வந்துவிடும். திருடனைப் பிடிக்கப் பந்தம் கொளுத்திக்கொண்டு போவதுபோல.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாமுவேல் ஃபேபியன், புளோரிடாவிலிருந்த யஷ் சோந்தி, அவர்களோடு சேர்ந்த சிலர் இதைத் தீர்த்த விதம் அழகானது. ஆய்வகத்தில் அகச்சிவப்புக் கேமராக்களைச் சுற்றி நிறுத்தினார்கள். சினிமாவில் நடிகரின் உடம்பில் பொட்டுப்பொட்டாக ஒட்டி அசைவைப் பதிவு செய்வார்களே, அதே முறை. தட்டான், அந்துப்பூச்சி முதுகில் ஒளியைத் திருப்பியடிக்கும் மிகச் சின்னப் பொட்டுகளை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். நடுவில் ஒரு சாதாரண விளக்கு. பூச்சி எங்கே இருக்கிறது என்பது மட்டுமல்ல, ஒவ்வொரு கணமும் அதன் முதுகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் பதிவானது. பிறகு வேகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோஸ்டா ரிக்காவின் மலைக்காட்டுக்கும் போனார்கள். முடிவுகள் 2024 ஜனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தன.

பூச்சிகள் நேரே விளக்கை நோக்கிப் பறக்கவில்லை. பெரும்பாலும் குறுக்காகவே பறந்தன. பறந்துகொண்டே தங்கள் முதுகை விளக்கின் பக்கம் சாய்த்தன.

இதற்குப் பின்னால் உள்ள சூட்சுமம் பழசு. முதுகை வெளிச்சத்துக்குக் காட்டும் இந்த அனிச்சையை ஜெர்மன் உடலியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மீனிலும் தட்டானிலும் பார்த்திருக்கிறார்கள். நமக்கு மேல் எது, கீழ் எது என்று காதுக்குள் இருக்கும் உறுப்பு சொல்கிறது. நெற்று மாதிரி கனமில்லாமல், காற்றில் உருண்டு திரும்பிப் பறக்கும் பூச்சிக்கு ஈர்ப்பு விசையை உணர்வது அவ்வளவு எளிதல்ல. வளைந்து திரும்பும்போது உடம்பு உணரும் பாரம் தரையின் பக்கம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் சாய்வது போல. நம்பத்தகுந்த ஒரே அடையாளம் வானம். பகலோ இரவோ, காடோ பொட்டலோ, பூமியைவிட வானம் வெளிச்சமாக இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது பொய்த்ததில்லை. கூட்டுக்கண்கள் போதாதென்று, தட்டான் முதலிய பல பூச்சிகளுக்கு உச்சந்தலையில் மூன்று சின்னஞ்சிறு தனிக்கண்கள் வேறு இருக்கின்றன; உருவம் பார்க்க அவை அவ்வளவாக உதவா, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்கும். முதுகை வெளிச்சத்துக்கு, வயிற்றை இருட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் நேராகப் பறக்கலாம். விட்டிலின் விமானவியல் முழுக்க இந்த ஒரு வரிதான்.

அந்த வரிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிடுங்கள். பூச்சி விளக்குக்குப் பக்கவாட்டில் வந்தால், அதன் கணக்கில் வானம் பக்கவாட்டில் இருக்கிறது. முதுகைச் சாய்க்கிறது; சாய்ந்த சிறகு அதைத் திருப்புகிறது; திரும்பினால் விளக்கு மறுபடி பக்கவாட்டில். இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்குக்கு அடியில் கடந்து போனால், முதுகை அதன் பக்கம் வளைத்து வளைத்துச் செங்குத்தாக ஏறி, வேகம் போய் அந்தரத்தில் தத்தளிக்கிறது. விளக்குக்கு மேலே பறந்தால்தான் கொடுமை: வானம் கீழே இருக்கிறதென்று நம்பித் தலைகீழாகப் புரண்டு, அப்படியே விழுகிறது.

காட்டில் செய்த ஒரு சோதனை இதைச் சந்தேகமில்லாமல் காட்டியது. தரையில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். மேலே பறந்த பூச்சிகள் குப்புறப் புரண்டு துணியில் மோதின. அதே துணியைத் தலைக்கு மேல் விதானமாகக் கட்டி, கீழிருந்து வெளிச்சத்தை அதன்மேல் அடித்தார்கள். துணி முழுக்க ஒளிர்ந்தது. பூச்சிகள் அதன் அடியில் ஒழுங்காகப் பறந்து கடந்துபோயின. ஒரே விளக்கு, ஒரே துணி. இடம்தான் வேறு.

அப்பத்தாவிடம், மேலே இருக்கும் விளக்கை அமத்தித் தரையில் விளக்கை வைத்ததற்குக் காரணம் கேட்டிருந்தால் "மேல வச்சா எப்புடிடா சட்டியில விழும்?" என்று கேட்டிருக்கும். தரையில் சுடர், பக்கத்துத் தண்ணீரில் அதன் நிழல் இன்னொரு சுடர். ஈசலின் வானம் சட்டிக்குள் இருந்தது என்பது என் ஊகம். விளக்குப் பொறி வைத்துக் குருத்துப்பூச்சியைப் பிடிக்கும் நெல் விவசாயியும் விளக்குக்கு அடியில்தான் தண்ணீர்த் தட்டை வைக்கிறார்.

எல்லாப் பூச்சியும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்விலேயே இரண்டு விலக்குகள். ஒன்று பழ ஈ. இன்னொன்று நமக்கு நன்றாகத் தெரிந்தது: டாஃப்னிஸ் நெரீ என்னும் பருந்து அந்து. மதுரையைச் சுற்றிய நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக நிற்கும் அரளிதான் அதன் புழுவுக்குச் சோறு. வீட்டு நந்தியாவட்டையிலும் விரல் தடிமனில் பச்சையாக உட்கார்ந்து இலையை மொட்டையடிக்கும். வளர்ந்த அந்து, ராணுவ உடுப்புபோலப் பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து, பார்க்க அவ்வளவு அழகு. இதைக் கீழிருந்து எரியும் விளக்குக்கு மேலே பறக்கவிட்டால் புரளவில்லை, கவலையில்லாமல் கடந்துபோனது. பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சஞ்சய் சானேயின் குழு வெகுகாலமாகப் பறக்கவிட்டுப் படமெடுத்துவரும் அந்தும் இதுதான். அங்கே அவர்கள் கவனித்தது பெரும்பாலும் அதன் உணர்கொம்புகளை. பறக்கும்போது உடம்பின் சுழற்சியை உணர அந்துக்கு உணர்கொம்பின் அடிப்பாகம் உதவுகிறது என்பது சானே முன்பே வேறோர் அந்தில் காட்டியது. வெளிச்சத்தை மட்டும் நம்பாத பூச்சி வெளிச்சத்தால் ஏமாறுவதும் குறைவு போலிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் அந்தந்தக் கணத்தின் சேட்டை. விளக்கை அணைத்தால் பூச்சி சரியாகிவிடும். ஆனால் அணைத்த பிறகும் போகாத ஒரு பாதிப்பு உண்டு. அதை உலகத்துக்குத் துல்லியமாகச் சொன்னவர்களில் ஒருவர், கோச்சடையிலிருந்து மேற்கே தேனி சாலையில் கொஞ்ச தூரம் போனால் வரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

எம்.கே. சந்திரசேகரன் ஜெர்மனியின் ட்யூபிங்கனில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் ப்யூன்னிங்கின் இடத்தில் பழ ஈக்களோடு வேலை பார்த்தவர். பழ ஈயின் கூட்டுப்புழு எப்போது உடைந்து ஈயாக வெளிவரும் என்பது பொழுதைப் பொறுத்தது. விடியலை ஒட்டி, காற்றில் ஈரம் இருக்கும்போது வந்தால் சிறகு விரிய வசதி. முழு இருட்டில் வைத்தாலும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடி, அந்த நேரத்துக்குத்தான் வருகின்றன. நடு இரவில் ஒரு சிறு ஒளித்துடிப்பைக் காட்டினால் அந்தக் கடிகாரம் முன்னே பின்னே நகர்ந்துவிடும். சந்திரசேகரனும் வுல்ஃப்காங் எங்கல்மனும் 1973-ல் காட்டியது இன்னும் நுட்பமானது: முன்னிரவில் கடிகாரத்தை நகர்த்த வேண்டிய நீல ஒளியின் அளவும் பின்னிரவில் வேண்டிய அளவும் வேறு வேறு. அதாவது ஒரே விளக்கு, எட்டு மணிக்கு ஒரு விளக்கு. விடிகாலை நான்கு மணிக்கு இன்னொரு விளக்கு. சிவப்பைக் கடிகாரம் கண்டுகொள்வதில்லை. அதனால் உலகெங்கும் பழ ஈக் கடிகார ஆய்வகங்களில் இருட்டு அறைக்குள் மங்கலான சிவப்பு பல்பு எரியும். பழைய போட்டோ ஸ்டுடியோவின் டார்க்ரூம் மாதிரி.

1970-களின் நடுவில் மதுரைக்கு வந்த அவர், இங்கே உயிர்க்கடிகார ஆய்வுக்கு ஒரு பள்ளியையே உருவாக்கினார். ஜன்னலும் கடிகாரமும் இல்லாத அறையில் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்து அவர்களின் பொழுது எப்படி நகர்கிறது என்று பார்த்தார்கள். சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களைப் பார்த்தார்கள். 1984-ல் அவரும் டி. ஜோஷியும் வெளியிட்ட ஒரு கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இருட்டில் வைத்த பூச்சியுண்ணி வௌவாலுக்கு ஒரே ஓர் ஒளிமின்னல், நீளம் 0.5 மில்லி நொடி. அதாவது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அது வௌவாலின் கடிகாரத்தை மாற்றி வைத்தது.

கேமரா ஃபிளாஷும் ஏறக்குறைய அந்த நேரம்தான் எரியும். லூசியன் புல்லின் மின்பொறிக்கு நாம் தந்த சமாதானம் ஞாபகமிருக்கிறதா? அவ்வளவு குறுகிய ஒளியில் சிறகு நகர நேரமில்லை என்றோம். சிறகு நகராது. உள்ளே இருக்கும் முள் நகரலாம். வௌவால் பூச்சியல்ல, சரிதான். பூச்சியின் கடிகாரம் வேறு விதமாக வெளிச்சத்தை வாங்குகிறது. பழ ஈயில் கண்ணைத் தவிர, மூளைக்குள்ளேயே கிரிப்டோகுரோம் என்ற நீல ஒளி வாங்கும் புரதம் இருப்பது 1998-ல் தெரியவந்தது. கண்ணை மூடினாலும் வெளிச்சம் உள்ளே போகும். இரவு ஒரு மணிக்கு ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்த பூச்சியை, மறுநாளும் அதே பூச்சி என்று எண்ணி அளவெடுப்பது சரியாக இருக்குமா?

ஒளியை நிறுத்தவே இல்லை என்றால்? அதையும் செய்து பார்த்தார்கள். சந்திரசேகரன் பிற்காலத்தில் இருந்த பெங்களூர் ஜவாஹர்லால் நேரு மையத்தில், பழ ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக இரவே இல்லாத தொடர் வெளிச்சத்தில் வளர்த்தார்கள். 600 தலைமுறை. மனிதக் கணக்கில் சொன்னால் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அத்தனைக்குப் பிறகு அவற்றை இருட்டுக்கு மாற்றியபோது, ஒருபோதும் விடியலைப் பார்த்திராத ஈக்கள், ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு முறை என்ற பழைய தாளத்தில் கூட்டை உடைத்து வெளிவந்தன. வாசு ஷீபா, விஜய் குமார் சர்மா, சந்திரசேகரன், அமிதாப் ஜோஷி ஆகியோரின் இந்த முடிவு 1999-ல் வந்தது. விளக்கு ஈயைக் குழப்பலாம். இரவை அதனிடமிருந்து பிடுங்குவது அவ்வளவு சுலபமில்லை.

மங்கல் வெளிச்சத்துக்கும் ஒரு வார்த்தை. போட்டோ எடுப்பவருக்குத் தெரியும்: வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை நீட்ட வேண்டும், நீட்டினால் அசைவு கலங்கும். பருந்து அந்துகளில் வேறொரு வகையும் அதையே செய்கிறது. 2015-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், அசையும் இயந்திரப் பூ ஒன்றை வைத்து, அந்து அதோடு சேர்ந்து ஆடியபடி தேன் குடிப்பதை அகச்சிவப்பில் படமெடுத்தார்கள். வெளிச்சம் பகல் அறை அளவிலிருந்து நிலவொளி அளவுக்குக் குறைந்தபோது, அந்தின் நரம்புகள் காட்சியைப் புரிந்துகொள்ளும் வேகம் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது. அதற்குமேல் அது மெதுவாகவில்லை. அது தேடிப்போகும் பூக்கள் காற்றில் ஆடும் வேகமும் அந்தக் குறைந்த வேகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பளிச்சென்ற விளக்குக்கு அடியில் படம் எடுத்திருந்தால் இந்த நிதானமே தெரிந்திருக்காது.

இருட்டின் திறமைகளுக்கு நம் கடற்கரை ஊர் ஒன்றின் பெயரும் ஒட்டியிருக்கிறது. தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 'டிராங்கிபார்' என்றார்கள். அந்தப் பெயரில் ஒரு தச்சுத் தேனீ, சைலோகோப்பா ட்ராங்கிபாரிகா. இரவில் பறப்பது. நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறத்தைக் கற்றுக்கொண்டு தன் கூட்டை அடையாளம் காண்கிறது என்று ஹேமா சோமநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் காட்டினார்கள். நாம் நிறமே தெரியாமல் தடவிக்கொண்டு நடக்கும் இருட்டில்! பார்க்க வேண்டும் என்று டார்ச்சை அடித்தால் அந்தத் திறமை அங்கேயே மறைந்துவிடும்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. அவன் பாதியிலேயே செல்போனுக்குத் திரும்பிவிட்டான். ஆனால் அடுத்த மழைக்கு அவனே ஒரு வேலை செய்தான். மொட்டைமாடிப் படிக்கட்டில் கவிழ்ந்து எரியும் பல்பை எடுத்துவிட்டு, டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெள்ளையடித்த கூரையில் வெளிச்சத்தை அடித்தான். கூரை முழுக்க ஒளிர்ந்தது. அதன் கீழ் ஈசல்கள் எப்படிப் பறந்தன என்பதை அவன் படம் எடுத்தான். ஆனால் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதில் பாதி வீடியோதான் இருக்கிறது.

முழு வீடியோ ஒன்று வேறு இடத்தில் கிடைத்தது. எங்கள் தெருமுனையில் ஒரு சி.சி.டி.வி. கேமரா இருக்கிறது. ராத்திரி ஆனதும் அதன் வட்டமான கண்ணைச் சுற்றிய அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் மட்டும் மங்கலான சிவப்புத் தெரியும். எங்கள் பைக் காணாமல் போன மறுநாள் அந்தப் பதிவை உட்கார்ந்து பார்த்தோம். திருடன் சிக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் தெரு. சட்டகத்தின் மேல் மூலையில் வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு, அதைச் சுற்றி ஓயாத சுழல், விழுவதும் எழுவதுமாக. கீழே, கேமராவின் கண்ணுக்கு வெகு அருகே, ஒரு அந்து பெரிய வெள்ளைக் கோடாக இடமிருந்து வலமாகக் கடந்துபோனது. கேமராவின் விளக்குகளைச் சுற்றவில்லை, சாயவில்லை. தன் வழியே, நேராக, எங்கோ போகிற அவசரத்தில்.

"மாமா, அதுக்கு இங்க லைட்டு இருக்குறதே தெரியல" என்றான் அவன். ரீவைண்ட் செய்து இன்னொரு தடவை பார்த்தோம்.